ஒரு பிடி சிவப்புப் பழம்

பச்சையாய்க் கடித்தால் கசப்பு. பனி கொட்டினால் இனிப்பு. பனி கொட்டும்வரை காத்திருந்தால் கையில் ஒன்றும் இல்லை. அது என்ன?

யோசித்துக்கொண்டே கேளுங்கள்.

ஊட்டிக்கு மேலே ஓர் ஆசிரமம். அங்கே தவமணி அம்மாளிடம் பாடம் கேட்க வந்தவர் பொன்னம்பலம். அம்மாளைவிட வயதில் மூத்த சீடர்.

அவருடைய மகள் மங்கை தன் விருப்பப்படி கல்யாணம் செய்துகொண்டாள். அன்று முதல் அவர் அவள் வாசலை மிதிக்கவில்லை. பேத்தி பிறந்தாள், நடந்தாள், பள்ளிக்கூடம் போனாள். எல்லாம் பிறர் சொல்லிக் கேட்டதுதான்.

"அம்மா, போய்ப் பார்க்க ஆசைதான். ஆனால் நெஞ்சில் இன்னும் கொஞ்சம் கசப்பு இருக்கிறது. அது போன பிறகு போகட்டுமா?"

அம்மாள் முற்றத்தைக் காட்டினார். அழகுக்காக யாரோ எப்போதோ நட்டுவிட்டுப் போன சீமை மரம் அங்கே நின்றது. கிளையெல்லாம் கொத்துக் கொத்தாய்ச் சிவப்புப் பழம்.

"அதைச் சமைத்துக் கொண்டு வாருங்கள்."

பொன்னம்பலம் ஒரு பழத்தைப் பறித்து வாயில் போட்டார். முகம் கோணியது. துப்பினார்.

தோட்டக்காரர் பெள்ளி பார்த்துச் சிரித்தார். கண்ணால் பார்க்க வைத்த மரத்தை வாயால் பார்க்கிறீர்களே என்று கேலி செய்தார். ஒரு பனி கொட்டட்டும், கசப்பு போய்விடும் என்றும் சொன்னார்.

வெறுங்கூடையோடு வந்து பொன்னம்பலம் அதையே அம்மாளிடம் சொன்னார். அம்மாள் கூடையை வாங்கி ஆணியில் மாட்டினார். பனிக்குக் காத்திருப்பதுதான் தம் கேள்விக்கும் பதில் என்று பொன்னம்பலம் எடுத்துக்கொண்டார்.

ஐப்பசி போயிற்று. கார்த்திகையும் போயிற்று. விடிந்ததும் குனிந்து புல்லைத் தொட்டுப் பார்ப்பது அவருக்கு வழக்கமாகிவிட்டது.

மார்கழியில் ஒரு காலை புல்தரை வெள்ளையாய்க் கிடந்தது. கூடையை எடுத்துக்கொண்டு ஓடினார்.

மரத்தில் காம்புகள்தான் இருந்தன.

கொண்டைக்குருவிகள் ஐப்பசியிலேயே தின்னத் தொடங்கிவிட்டன என்றார் பெள்ளி. தினமும் புல்லைப் பார்த்தவர் ஒருநாளும் அண்ணாந்து பார்க்கவில்லை.

அடிக்கிளையில் ஒரு பிடி மிச்சம் இருந்தது. அம்மாள் அதை வாங்கி வேகவைத்தார். மசித்து வடிகட்டி, வெல்லம் போட்டுக் கிளறினார். ஆறியதும் ஒரு சொட்டை அவர் உள்ளங்கையில் விட்டார்.

பனி பட்ட பிறகும் கொஞ்சம் கசப்பு இருந்தது. ஆனாலும் நன்றாக இருந்தது.

"அம்மா, இதை அன்றைக்கே சாப்பிட்டிருக்கலாமே?"

"சமைக்கத்தானே சொன்னேன்."

மிச்சத்தைச் சின்னப் புட்டியில் ஊற்றிக்கொண்டு அன்றே அவர் மகள் இருந்த மேட்டுப்பாளையத்துக்கு பஸ் ஏறினார்.

மங்கை கதவைத் திறந்தாள். உள்ளே வரச் சொன்னாள், காபி கொடுத்தாள், பயணம் சௌகரியமா என்று விசாரித்தாள். அவள் கோபப்படவில்லை. அதுதான் அவருக்குத் தாங்கவில்லை.

பேத்தி ஆதிரை புட்டிக்குள் விரலை விட்டு நக்கினாள். முகம் சுளித்தாள். மறுபடியும் நக்கினாள். பிறகு அம்மாவின் சேலையைப் பிடித்து இழுத்தாள்.

"இவரை எப்படிம்மா கூப்பிடணும்?"

"தாத்தாதான்டி. உனக்கு எப்படி வருதோ அப்படிக் கூப்பிடு."

ஆதிரை திரும்பிப் பார்த்தாள். கூடத்து ஊஞ்சலில் அவளுடைய அப்பாவின் அப்பா பேப்பர் படித்துக்கொண்டிருந்தார்.

அவள் இவரை அங்கிள் என்று கூப்பிட்டாள்.