மேல் அடுக்கு

“பிரியலை மேடம்.”

“எவ்வளவு நேரம் குலுக்கினீங்க?”

“பிரியுற வரைக்கும் குலுக்கலாம்னு நெனச்சேன்.”

ஷெரின் திரும்பிப் பார்த்தாள். தாங்கியில் நின்ற, அடியில் திருகு வைத்த கண்ணாடிப் பிரிபுனல் முழுக்க மோர் மாதிரி வெள்ளை. மேல் எது, கீழ் எது, ஒன்றும் தெரியவில்லை.

“இது என்ன தயிரா அண்ணாச்சி, கடையுறதுக்கு?”

தாணுலிங்கம் மறுபடி புனலைத் தூக்கப் போனார்.

அவருக்கு நாற்பத்தாறு வயது. அவளுக்கு இருபத்தொன்பது. நாகர்கோவிலில் அந்த எண்ணெய்ச் சோதனைக்கூடத்தில் அவள்தான் அவருக்குக் குரு. எட்டு மாதமாகக் கற்றுக்கொள்கிறார். மோசமான மாணவர் இல்லை. இன்றைக்குத்தான் மோசம்.

அதற்குக் காரணம் இருந்தது. அதை அவர் அவளிடம் சொல்லவில்லை.

அங்கே பாட்டில் மேல் எண் மட்டும்தான் இருக்கும். எந்த ஆலை, எந்த ஊர், எதுவும் எழுத மாட்டார்கள். இந்தப் பாட்டில் பதினேழு. ஒரு விடுதியில் பதினோரு பிள்ளைகள் சாப்பிட்டுவிட்டு வாந்தி எடுத்து விழுந்தார்களே, அந்த விடுதியில் சீல் உடைக்காமல் இருந்த எண்ணெய் டின்னிலிருந்து எடுத்தது. இது மட்டும் அவளுக்கும் தெரியும். பத்துப் பிள்ளைகள் வீட்டுக்குப் போய்விட்டார்கள். ஒரு பெண் இன்னும் குளுக்கோஸில் கிடக்கிறாள். சமையல்காரி தங்கபாயைப் போலீஸ் மூன்று நாளாகக் கூட்டிப்போய் வைத்திருக்கிறது. “டின்னை உடைச்சு அப்படியே ஊத்தினேன் சார், நான் ஒண்ணும் கலக்கலை சார்” என்று அதையே சொல்லிக்கொண்டிருக்கிறாளாம்.

காலையில் தாணுலிங்கம் பாட்டில் மூடியைத் திறந்தார். புகை வாசம் வந்தது. சிரட்டைத் தீயில் கொப்பரை காயப் போடுகிற ஆலை அந்தப் பக்கத்தில் ஒன்றே ஒன்றுதான்.

அது அவருடைய தம்பி சிவதாணுவின் ஆலை.

மூடியைத் திரும்ப மூடியிருக்கலாம். மூடவில்லை.

“உப்பு போடவா மேடம்? சீக்கிரம் பிரியும்.”

“வேண்டாம்.”

“சாராயம் ரெண்டு சொட்டு?”

“அண்ணாச்சி, கையை எடுங்க.”

எடுத்தார். அவள் ஒரு ஸ்டூலை இழுத்துப் புனலுக்கு முன்னால் போட்டாள். அவர் உட்காருவார் என்று பார்த்தால், அவளே உட்கார்ந்துகொண்டாள்.

“இப்போ என்ன செய்யணும்?”

“நான் செய்யுறதைச் செய்யுங்க.”

அவள் ஒன்றும் செய்யவில்லை.

அவர் நின்றார். அரை மணி நேரம் ஆனது. ஒன்றும் செய்யாமல் நிற்பது மாதிரிக் கொடுமை வேறு இல்லை. வெள்ளைக்கு நடுவில் ஒரு கோடு விழுந்தது. முதலில் நூல் மாதிரி, அப்புறம் விரல் அளவு. பிறகு கீழே மங்கலாக ஒரு தண்ணீர், மேலே தெளிவாக, எண்ணெயைப் பிரிக்க ஊற்றிய ஈதர்.

“கீழே என்ன?” என்றாள். இது தினமும் கேட்கிற கேள்வி.

“சோப்பு. எண்ணெயில இருந்த கொழுப்பு அமிலம் காரத்தோட சேர்ந்து சோப்பாகி, தண்ணியோட கீழ போயிடுச்சு.”

“மேலே?”

“கொழுப்பு இல்லாதது எல்லாம்.”

“நல்ல எண்ணெய்னா?”

“மேலே ஈதரைப் போக்கினா தட்டுல ஒட்டுற அளவுக்குத்தான் இருக்கும்.”

“மினரல் ஆயில், அந்தப் பெட்ரோலிய எண்ணெய், கலந்திருந்தா?”

“அப்படியே நிக்கும்.”

“சரி. மேல் அடுக்கைக் கழுவுங்க. சோப்பு ஒரு துளி தங்கினாலும் எடை பொய் சொல்லும். சம்பந்தமில்லாதவன் மாட்டிக்குவான்.”

அவர் கீழ்த்தண்ணீரைத் திருகைத் திறந்து இறக்கினார். புதுத் தண்ணீர் விட்டார். இந்தத் தடவை மெதுவாகச் சாய்த்தார். இறங்கின தண்ணீரில் நிறங்காட்டி ஒரு சொட்டு விட்டார். ரோஸ். சோப்பு இருக்கிறது. மறுபடி கழுவினார். லேசான ரோஸ். மூன்றாவது தடவை நிறமே இல்லை.

நான்காவது தடவையும் கழுவினார்.

ஐந்தாவது தடவைக்குத் தண்ணீரை எடுத்தபோது அவள் கேட்டாள்.

“இன்னும் எதை அண்ணாச்சி கழுவுறீங்க?”

“சோப்பை.”

“சோப்பு மூணாவதுலயே போயிடுச்சு.”

அவர் கையிலிருந்த தண்ணீர் அப்படியே நின்றது.

“தட்டுல ஊத்திச் சூடாக்குங்க. எடையைப் பார்ப்போம்.”

“முடியலை மேடம்.”

“ஏன்?”

“அது என் தம்பி ஆலை எண்ணெய்.”

ஷெரின் பதினேழாம் எண் பாட்டிலை எடுத்து முகர்ந்து பார்த்தாள். பக்கத்து அறையில் யாரோ ஃபோனில் சிரித்துக்கொண்டிருந்தார்கள்.

“எப்போ தெரியும்?”

“காலையில. மூடியைத் திறந்ததும்.”

“அப்பவே ஏன் சொல்லலை? நான் செஞ்சிருப்பேனே.”

“நீங்க செஞ்சா, நீங்க என்ன சொல்லப்போறீங்கன்னு வெளியில நின்னு நடுங்கணும். நானே செஞ்சா நடுங்க மாட்டேன்னு நெனச்சேன்.”

“இப்போ?”

“இப்பவும் நடுங்குது.” தண்ணீரைக் கீழே வைத்தார். “தட்டுல ஒண்ணும் இல்லைன்னா, அடுப்படியிலதான் கலந்திருக்குன்னு தங்கபாய் மாட்டிக்குவா. தட்டுல ஏதாவது நின்னா சிவதாணு மாட்டிக்குவான். எங்கம்மா செத்தப்போ அவனுக்கு ஆறு வயசு மேடம். நான்தான் சோறு ஊட்டினேன். நான் என்ன செய்ய? சொல்லுங்க. நீங்கதானே சொல்லித் தர்றவங்க.”

அவள் எழுந்தாள். மேல் அடுக்கு முழுவதையும் ஒரு சின்னக் குடுவையில் வடித்தாள். சொட்டுகூடச் சிந்தவில்லை. குடுவையை அவர் கையில் கொடுத்தாள்.

“பாட்டில்ல மிச்சம் இருக்கா?”

“இல்லை. மத்த சோதனைக்கே தீந்துடுச்சு. இவ்வளவுதான்.”

“டின்?”

“மாதிரி எடுத்ததும் விடுதிக்காரங்க பயந்துபோய் எல்லா டின்னையும் கீழ கொட்டிட்டாங்க.”

அவள் கழுவுதொட்டிக் குழாயைத் திறந்துவிட்டாள். தண்ணீர் சத்தமாக விழுந்தது.

“ஊத்திடுங்க.”

“மேடம்?”

“கை தவறி விழுந்துடுச்சுன்னு நான் எழுதிக்கிறேன். என் கை தவறினதாகவே எழுதிக்கிறேன். உங்க பேரு எங்கேயும் வராது. உங்க தம்பியை யாரும் கேட்க மாட்டாங்க.”

“தங்கபாய்?”

அவள் திரும்பிச் சுவரைப் பார்த்து நின்றுகொண்டாள். சோதிக்கிறாளா, நிஜமாகத்தான் சொல்கிறாளா? முதுகைப் பார்த்தால் அவருக்குத் தெரியவில்லை.

அவர் தொட்டிக்குப் பக்கத்தில் போனார். குடுவையின் வாயிலிருந்து ஈதர் வாசம் குளிர்ச்சியாக ஏறியது. உள்ளே இருந்தது தண்ணீர் மாதிரியே இருந்தது. அதில் என்ன இருக்கிறது, ஒன்றும் இல்லையா என்று கண்ணுக்குத் தெரியவில்லை. சரித்தால் போதும். ஒரு நொடி வேலை.

“ஊத்துங்க அண்ணாச்சி.”

அவர் ஊற்றவில்லை.