பானெட்டுக்குள் சிவப்புக் கொம்பு

இத்தாலியிலிருந்து அமெரிக்காவுக்குக் கப்பலேறி வந்த நுன்சியோ, குடும்பத்தோடு பாடுபட்டு ஒரு கார் ஒர்க்‌ஷாப்பை நிலைநிறுத்தியிருந்தான். ரிப்பேர் முடிந்த ஒவ்வொரு காரின் பானெட்டுக்குள்ளும், திருஷ்டி படாமலிருக்க, அவர்கள் ஊர் வழக்கப்படி மிளகாய் அளவு சிவப்புக் கொம்பைக் கட்டிவிடுவாள் அவன் மனைவி அசுந்தா.

புதுக் கார் விற்கும் ஏஜென்சி கேட்டுக் கம்பெனி அதிகாரி விட்மோரிடம் போனான். துரை மூக்கைப் பொத்திக்கொண்டார்.

"சீ, பூண்டு நாத்தம்! மரியாதைப்பட்ட மனுஷன் எவனாவது தன் காரை உன்னைத் தொட விடுவானா? இந்த ஊர்ல பத்துப் பேரைக் காட்டு, ஏஜென்சி தர்றேன்."

நுன்சியோ யோசித்தான். ஒர்க்‌ஷாப் பின்வாசல் வழியாக ரிப்பேருக்குக் காரை அனுப்பிவிட்டு, தெருவில் பார்த்தால் முகத்தைத் திருப்பிக்கொள்ளும் பெரிய மனுஷர்களில் எவன் வாயைத் திறப்பான்?

"அவங்க பேச வேணாம் துரை. ஞாயித்துக்கிழமை சர்ச் வாசல்ல பானெட்டைத் திறக்கச் சொல்லுங்க. சிவப்புக் கொம்பு இருந்தா அது நான் தொட்ட கார்."

ஞாயிறன்று சர்ச் வாசலில் துரையும் தன் காரில் வந்து இறங்கினார். அவர் கேட்டதும் டிரைவர்கள் பானெட்டுகளைத் திறந்து காட்டினார்கள். மேயர் காரில் கொம்பு. ஜட்ஜ் காரில் கொம்பு. பாதிரியார் காரிலும் கொம்பு. ஒன்பதோடு நின்றுவிட்டது.

"பத்தாவது எங்கடா?"

நுன்சியோ துரையின் காரையே திறந்தான். உள்ளே கொம்பு ஆடியது. துரையின் டிரைவர் தலையைச் சொறிந்தான்.

"பத்தாச்சு துரை. கையெழுத்துப் போட்டுட்டு ஏறுறீங்களா, இல்ல மூக்கைப் பொத்திக்கிட்டு நடந்தே போறீங்களா?"