பிள்ளைக்குப் பசித்தால் சேகண்டி

ஆற்றங்கரை மடத்தில் சேகண்டி என்ற வெண்கலத் தட்டை அடிப்பது தாண்டவனின் வேலை. முற்றத்தில் நட்டிருந்த கம்பின் நிழலைப் பார்த்து அடிப்பான். அந்தச் சத்தத்தைக் கேட்டுத்தான் மடத்தில் பூசை, கஞ்சி, பாடம், சாப்பாடு என்று ஒவ்வொன்றாக நடக்கும். ஊர்ப் பெண்களும் அதைக் கேட்டே உலை வைத்தார்கள். சூரியன் தப்பினாலும் தாண்டவன் தப்பமாட்டான் என்று ஊரில் சொல்வார்கள். அந்தப் பேச்சு அவன் தலையிலும் கொஞ்சம் ஏறியிருந்தது.

காதோரம் நரைத்த பிறகு அவனுக்கு ஒரு பெண் குழந்தை பிறந்தது. சந்தோஷத்தில் அவனுக்குக் கால் தரையில் பாவவில்லை. ஆனால் ஒரு மாதம் முடிவதற்குள், வாடிய முகத்தோடு மடத்துத் தலைவரிடம் வந்து நின்றான். தலைவர் அவனைவிட வயதில் சின்னவர். சாமி என்றுதான் எல்லோரும் கூப்பிடுவார்கள். அப்போது அவர் மடப்பள்ளி வாசலில் உட்கார்ந்து அவரைக்காய்க்கு நார் உரித்துக்கொண்டிருந்தார்.

"சாமி, பச்சப்பிள்ளைக்கு நேரம் பழக எத்தனை நாள் ஆகும்?"

"எந்த நேரம்?"

"சேகண்டி நேரம். அடிச்சா பால், அடுத்து அடிக்கிற வரைக்கும் தூக்கம். நடுவுல அழுதா கொடுக்கக் கூடாதுன்னு வீட்டுல சொல்லியிருக்கேன். அது கத்திக் கத்தி அசந்து தூங்கிருது. சேகண்டி அடிச்சு எழுப்புனா, குடிக்க மாட்டேங்குது."

"உம்ம வீட்டுக்காரி வடிவு என்ன சொல்லுதா?"

தாண்டவன் தலையைக் குனிந்துகொண்டான். பிறகு ஒவ்வொன்றாக வந்தது. பால் கட்டி, சேலை நனைந்து, சேகண்டி எப்போது கேட்கும் என்று வடிவு காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பாளாம். பிள்ளை அழும்போது அவளும் அழுவாளாம். நேற்று மருத்துவச்சி வந்து குழந்தையின் தொடையைத் தொட்டுப் பார்த்து, சதை வற்றுகிறது என்று சொல்லிவிட்டுப் போனாள். அவள் படி இறங்கியதும் வடிவு கண்ணைத் துடைத்துக்கொண்டாள். வெள்ளிக்கிழமைப் படகில் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு அக்கரைக்கு, அம்மா வீட்டுக்குப் போகப்போவதாகச் சொன்னாள்.

"உங்க சேகண்டிய நீங்களே தூளியில போட்டு ஆட்டுங்கன்னுட்டா சாமி."

சாமி சிரிக்கவில்லை. கையிலிருந்த அவரைக்காயை முறத்தில் போட்டுவிட்டு எழுந்தார். முற்றத்துக்குப் போய், கம்பை இரண்டு கையாலும் ஆட்டிப் பிடுங்கினார். கொண்டுவந்து அடுப்படி விறகோடு விறகாகச் சாத்தினார்.

"நாளையிலிருந்து உம்ம பிள்ளைதான் நமக்குக் கம்பு," என்றார். "அது பசின்னு சொன்னா, முதல்ல பால். அப்புறம் ஓடிவந்து சேகண்டி அடியும். முதல் தடவைக்குப் பூசை, அடுத்ததுக்குக் கஞ்சி, அதுக்கு அடுத்தது பாடம். வரிசையில ஒண்ணும் மாறாது. இருட்டுன பிறகு அடிக்க வேண்டாம். அடியார்களும் கொஞ்சம் தூங்கட்டும்."

மறுநாள் மடம் பட்ட பாடு சொல்லி முடியாது. விடிந்தும் விடியாமலும் பூசை. குளிக்கப் போனவர்கள் ஈரத்துணியோடு கஞ்சிக்கு ஓடிவந்தார்கள். பாடத்துக்கு உட்கார்ந்து ஏட்டுக் கட்டைப் பிரிப்பதற்குள் சாப்பாட்டுக்கு அடித்தது. பிள்ளை கொஞ்சம் குடித்துவிட்டு, சற்று நேரத்தில் மறுபடியும் கேட்டிருக்கிறது, அவ்வளவுதான். உலையில் அரிசி அரைவேக்காடு. ஊருக்குள்ளோ, எந்தச் சேகண்டிக்கு வயலில் இருந்து கரையேறுவது என்று தெரியாமல் ஆட்கள் திண்டாடினார்கள்.

சமையல்காரர் கயிலாயம் கரண்டியும் கையுமாகத் தாண்டவன் வீட்டுக்கு வந்துவிட்டார். "ஏ தாண்டவா, உம்ம மகாராணிக்குப் பசிக்கப்போவுதுன்னா ஒரு நாழி முன்கூட்டிச் சொல்லும்வே. நான் உலை வைக்கணும்லா?"

"அழுதாத்தானே எனக்கே தெரியுது."

"அழுகைக்கு முந்தி ஒண்ணுமேவா இருக்காது? என் அடுப்புல பால் பொங்குறதுக்கு முந்தி ஓரத்துல சுருங்கும். அதைப் பார்க்கலைன்னா அடுப்புதான் குடிக்கும்."

அன்றிலிருந்து தாண்டவன் தூளிக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்தான். இத்தனை வருஷம் நிழலைப் பார்த்த கண்ணுக்கு வேறு வேலை இல்லையே. முதலில் ஒன்றும் புரியவில்லை. பிறகு மெல்லப் பிடிபட்டது. அழுவதற்கு வெகு முன்னாலேயே குழந்தை கண்ணைத் திறக்காமல் உதட்டைக் குவித்துக் குவித்து விரித்தது. கையை வாய்க்குக் கொண்டுபோனது. கன்னத்தில் துணி பட்டால் அந்தப் பக்கம் திரும்பி வாயைத் திறந்து தேடியது. இவ்வளவையும் இந்தப் பிள்ளை தினமும் சொல்லிக்கொண்டுதான் இருந்திருக்கிறது.

"வடிவு, பிள்ளை பால் கேக்குது," என்று மெதுவாகக் கூப்பிட்டான்.

அழுது களைக்காத பிள்ளை நிதானமாக, வயிறு நிறையக் குடித்தது. பிள்ளையைத் தோளில் போட்டுத் தட்டி, ஏப்பம் வந்த பிறகு அவன் சேகண்டி அடிக்க ஓடினான். கண்ணில் தூக்கம் சொருகும்போதே தூளியில் விடவும் பழகிக்கொண்டார்கள். பகலில் வீட்டுக் கதவைத் திறந்து வைத்துச் சத்தத்தோடு சத்தமாகத் தூங்கவிடுவது, அந்தியில் வெந்நீரில் துடைத்து, விளக்கைச் சிறிதாக்கி, பால் கொடுத்து, ஒரே தாலாட்டைத் திரும்பத் திரும்பப் பாடுவது, இரவில் எழுந்தால் பேச்சுக் கொடுக்காமல் பாலை மட்டும் கொடுப்பது, இதெல்லாம் வடிவின் ஏற்பாடு. சேகண்டிக் கட்டையில் பழந்துணி சுற்றியதும் அவள்தான்.

வெள்ளிக்கிழமை வந்தது. படகும் வந்தது. தாண்டவன் வாசலையே பார்த்துக்கொண்டிருந்தான். துறையிலிருந்து படகுக்காரர் குரல் கொடுத்தார். வடிவு வெளியே வந்து, வரவில்லை என்று கையை ஆட்டிவிட்டு உள்ளே போனாள். அவன் அன்று கஞ்சிக்கு அடித்த அடியில் சுற்றிய துணியே கிழிந்துவிட்டது.

மழை பெய்தது, விட்டது. குழந்தையின் தொடையில் மடிப்பு விழுந்தது. எப்போது என்று யாருக்கும் தெரியாமலேயே மடத்தில் கஞ்சி ஆறுவதும் உலை தப்புவதும் நின்றுபோயின. பாடம் நடுவில் அறுபடவில்லை. கயிலாயம் சண்டை போட ஆள் இல்லாமல் சோர்ந்துபோனார். ஒருநாள் தாண்டவன் குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு சாமியிடம் வந்தான்.

"சாமி, பிள்ளை இப்ப ஏறக்குறைய ஒரே நேரத்துலதான் பசியாறுது, தூங்குது. கம்பை மறுபடி நட்டுக்கலாமா?"

"அது எப்பவோ அடுப்புல எரிஞ்சு போச்சு. வேற நடும்." சாமி குழந்தையின் உள்ளங்காலை விரலால் தொட்டார். "என்னைக்காவது கம்புக்கு முந்தியே இவளுக்குப் பசிச்சா?"

"குடிப்பா. சேகண்டி அது பாட்டுக்கு மடத்துக்கு அடிக்கட்டும்."

சாமி தலையை ஆட்டினார்.

"நேரம் பழக எத்தனை நாள் ஆகும்னு கேட்டீரே. இப்ப எத்தனை நாள் ஆச்சு?"

தாண்டவன் விரலை மடக்கத் தொடங்கினான். இரண்டு விரல் மடக்கியதும் குழந்தை உதட்டைக் குவித்தது. அவன் கை தானாக அதன் முதுகுக்குப் போயிற்று. கால் வீட்டுப் பக்கம் திரும்பியிருந்தது.

"தெரியல சாமி. எண்ண மறந்துட்டேன்."

"அப்ப உமக்குப் பழகிருச்சு," என்றார் சாமி. "போம், அவளுக்குப் பசிக்குது."