எழுந்ததும் பேசாத மெஷின்

ஓர் ஆஸ்பத்திரிக்குப் பாளையங்கோட்டையில் ஒரு கட்டடம், நாகர்கோவிலில் ஒரு கட்டடம். நோயாளிகளின் பதிவுகள் எல்லாம் இரண்டு ஊர் கம்ப்யூட்டர் மெஷினிலும் ஒரே நேரத்தில் ஏறும். ஒன்று படுத்துவிட்டால் மற்றது பார்த்துக்கொள்ளும்.

பாளையங்கோட்டை மெஷினைக் கவனிப்பவர் சொரிமுத்து. ஐம்பத்தாறு வயது. தொழில் படித்தது முப்பத்தொரு வயது ஜெசிந்தாவிடம். அவளை மேடம் என்று கூப்பிட அவர் ஒருநாளும் வெட்கப்பட்டதில்லை. தெரிந்தவரிடம்தானே கேட்க முடியும்.

அன்று காலை மழைத் தண்ணீர் மின்சார அறைக்குள் புகுந்து, ஆறு வருடத்தில் முதல் தடவையாக அவருடைய மெஷின் நின்றது. ஐந்து மணி நேரம் கழித்து மதியம் மூன்று மணிக்குத்தான் உயிர் வந்தது. விளக்கெல்லாம் பச்சை. ஆனால் வார்டிலிருந்து கேட்ட எதற்கும் அது பதில் சொல்லவில்லை. யாரும் ஏவாமலே, விட்டுப்போனதை நாகர்கோவிலிலிருந்து வாங்கி எழுதிக்கொண்டிருந்தது.

அது எழுதி முடியும்வரை எல்லாரும் நாகர்கோவில் மெஷினில்தான் பார்க்க வேண்டும். அதுவோ ஆமை வேகம். டாக்டர்கள் முணுமுணுத்தார்கள். சொரிமுத்துவுக்கு மானம் போனது போல் இருந்தது.

ஜெசிந்தாவிடம் வந்தார்.

“ஒரு பதிவுகூடக் கெடல மேடம். நானே சோதிச்சிட்டேன். விட்டதை எழுதுற இந்த மீட்பை நிறுத்திட்டு நம்ம மெஷினை வார்டுக்குத் தொறந்து விட்டுருதேன்.”

நிறுத்த ஒரு கட்டளை போதும். அதைத் தட்டி, கடைசிப் பட்டனை மட்டும் அழுத்தாமல் வைத்துவிட்டுத்தான் வந்திருந்தார். மனுஷர் அவ்வளவு அவசரத்தில் இருந்தார்.

ஜெசிந்தா வேண்டாம் என்று சொல்லவில்லை. கவனிப்பவருக்கு மட்டும் மெஷினுக்குள் எட்டிப் பார்க்க வழி உண்டு. பதினாலாம் படுக்கைக்காரரின் பதிவை வாசிக்கச் சொன்னாள்.

“சர்க்கரை முந்நூத்தி எண்பது. பகல் பன்னிரண்டுக்கு இன்சுலின் போடணும். இன்னும் போடல.”

“நாகர்கோவில்ல?”

சொரிமுத்து அதையும் பார்த்தார். குரல் இறங்கியது.

“பன்னிரண்டு பத்துக்குப் போட்டாச்சு. இப்ப சர்க்கரை தொண்ணூறு.”

அவர் தன் மெஷினைத் திறந்திருந்தால் நர்ஸ் இன்னொரு ஊசி போட்டிருப்பாள். அந்த ஆள் பிழைத்திருக்க மாட்டார். சொரிமுத்து எழுந்துபோய்க் கட்டளையை அழித்துவிட்டு வந்தார்.

“கெட்டுப்போன பதிவு இல்ல மேடம். காலைல அது நிசந்தான்.”

“ஆமா.”

“வந்ததும் வாயைத் தொறக்கக் கூடாதுன்னு அதுக்கு யாரு சொல்லிக் கொடுத்தா?”

ஜெசிந்தா, நாகர்கோவில் மெஷினைக் கவனிக்கும் செய்யதலியைப் பற்றிக் கேட்டாள். ஐந்து மணி நேரமாக இரண்டு ஊர் பாரத்தையும் ஒற்றை ஆளாகச் சுமந்தவன் அவன். மதியச் சோறுகூடச் சாப்பிட்டிருக்கவில்லை.

“கரண்ட் வந்ததும் அவனுக்குப் போன் போட்டீங்களே. என்ன சொன்னீங்க அண்ணாச்சி?”

“என் மெஷின் வந்துட்டு, இனி நான் பாத்துக்கிடுதேன், நீ விடுன்னு சொன்னேன்.”

“உங்க மெஷின் அப்படிச் சொல்லல. நான் இல்லாதப்ப என்னெல்லாம் நடந்துச்சுன்னு அவன் மெஷின்கிட்ட கேட்டுச்சு.”

சொரிமுத்து செய்யதலிக்கு மறுபடி போன் போட்டு, “நான் இல்லாதப்ப அங்க என்னெல்லாம் நடந்துச்சு?” என்று கேட்டார்.