கண்ணாடிக்கு ஒரு குண்டு

"கண்ணாடியில வழி மாறாமப் போற குண்டு எது, உஸ்தாத்?"

ஆய்வாளர் சங்கரலிங்கம் உள்ளே வந்ததும் கேட்ட முதல் கேள்வி அதுதான். தொப்பியைக்கூடக் கழற்றவில்லை.

உஸ்தாத் அருமைநாயகம் வேப்பமரத்தடியில் ஒரு துப்பாக்கிக்கு எண்ணெய் போட்டுக்கொண்டிருந்தார்.

"டீ குடிச்சீயளா?" என்றார்.

போலீஸ்காரர்கள் சுட்டுப் பழகுகிற மைதானம் அது. ரேஞ்ச் என்போம். பட்டாளத்திலிருந்து வந்தவர் என்பதால் அருமைநாயகத்துக்கு உஸ்தாத், அதாவது ஆசான், என்ற பட்டம் ஒட்டிக்கொண்டது. பதவியில் அவர் ஏட்டுதான். வயதிலும் சங்கரலிங்கத்துக்கு இளையவர். ஆனால் ரேஞ்சுக்கு ஒரு வழக்கம் இருந்தது. வெளியே யார் யாருக்கு அய்யாவாக இருந்தாலும், கேட்டைத் தாண்டி உள்ளே வந்தால் உஸ்தாத் ஒருவர்தான்.

எனக்கு அங்கே பள்ளத்தில் வேலை. இலக்குகளுக்குக் கீழே ஆளுயரத்துக்கு ஒரு பள்ளம் வெட்டியிருக்கும். அதற்குள் பதுங்கி இருப்போம். குண்டு இலக்கில் பட்டால் பட்ட இடத்தை நீளக் கம்பால் தொட்டுக் காட்ட வேண்டும். படாவிட்டால் சிவப்புக் கொடியைத் தூக்கி இடமும் வலமும் ஆட்ட வேண்டும். மைதானம் முழுக்கப் பார்த்துச் சிரிக்கும்.

எல்லோருக்கும் ஒருநாளாவது அந்தக் கொடி ஆடியிருக்கிறது. சங்கரலிங்கத்துக்கு மட்டும் ஆடியதே இல்லை. மாநிலப் போட்டிகளில் அவர் வாங்காத பதக்கம் கிடையாது. அவர் சுடுகிறார் என்றால் கொடியைச் சுருட்டி வைத்துவிட்டு நான் பீடி பற்ற வைத்துவிடுவேன்.

அப்படிப்பட்ட மனிதர்தான் அன்றைக்கு முகம் செத்துப்போய் நின்றார்.

"நான் கேட்டதுக்குப் பதில் சொல்லலியே."

"என்ன நடந்துச்சுன்னு மொதல்ல சொல்லுங்க."

"வேன்ல ஒருத்தன் ஒரு பிள்ளைய முன்சீட்டுல இழுத்து வச்சுக்கிட்டு, கழுத்துல அருவாளை வச்சிருந்தான். நான் சரியாத்தான் குறி வச்சேன். முன்கண்ணாடியில பட்டதும் குண்டு திரும்பிட்டு."

"யாரு மேல பட்டுது?"

"பிள்ளைக்கு. வலது தோள்ல." சங்கரலிங்கம் தரையைப் பார்த்தார். "அவன் பயந்துபோய் அருவாளைப் போட்டுட்டான். பிள்ளை பிழைச்சுக்கிட்டு. ஆனா இன்னும் இடது கையாலதான் சாப்பிடுது. அடுத்த தடவை எனக்குத் தப்பக் கூடாது, உஸ்தாத். புதுசா ஒரு மீட்புப் படை அமைக்காங்க. எந்தக் குண்டு வாங்கணும்னு என்னைத்தான் கேட்டிருக்காங்க."

கையிலிருந்த பெட்டியைத் திறந்தார். நான்கு வகைத் தோட்டாக்கள்.

உஸ்தாத் அதைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

"ஏல, கண்ணாடி எடுத்துட்டு வாங்க" என்றார் எங்களிடம்.

வழக்கில் பிடித்து வைத்துத் துருப்பிடித்துப்போன லாரிகளின் முன்கண்ணாடிகள் ரேஞ்சுக்குப் பின்னால் அடுக்கிக் கிடந்தன. ஒன்றைத் தூக்கி வந்து மரச்சட்டத்தில் சாய்த்து நிறுத்தினோம். அதன் பின்னால் பலகை போட்டு உஸ்தாத் இரண்டு பானைகளை நெருக்கமாக வைத்தார். ஒன்றுக்குச் சுண்ணாம்பு பூசினார்.

"இது பிள்ளை. பூசாதது அவன்."

நான் பள்ளத்தில் இறங்கியதும் சங்கரலிங்கம் முதல் வகையைச் சுட்டார். லேசான குண்டு, வேகமானது. கண்ணாடியில் பட்டுத் தூளாகப் போனது. பானைகள் அப்படியே இருந்தன.

கொடியை எடுக்க என் கை வரவில்லை.

"என்னல, தூக்கமா?" என்று உஸ்தாத் மேலேயிருந்து சத்தம் போட்டார். ஆட்டினேன். அன்றைக்கு யாருமே சிரிக்கவில்லை.

இரண்டாவது, மூக்கு மெத்தென்று இருக்கும் குண்டு. கண்ணாடியைத் தாண்டும்போது மேலுறை ஒரு பக்கமும் உள்ளிருந்த ஈயம் ஒரு பக்கமுமாகப் பிரிந்தது. ஈயம் சுண்ணாம்புப் பானையில் போய் விழுந்தது.

சங்கரலிங்கம் துப்பாக்கியைக் கீழே வைத்துவிட்டு எழுந்துபோய் வேப்பமரத்துக்கு அந்தப் பக்கம் நின்றார். யாரும் அவரைக் கூப்பிடவில்லை. தானே திரும்பி வந்தார்.

மூன்றாவது, உறையும் ஈயமும் பிரியாதபடி ஒட்டிச் செய்த கனமான குண்டு. உடையாமல் தாண்டியது. ஆனால் நாலு விரல் தாழ்ந்து போய்ப் பலகையில் குத்தியது. மறுபடியும் கொடி.

நான்காவதற்கு உள்ளே எஃகு. பூசாத பானை சுக்குநூறாகத் தெறித்தது.

"இதுதான்" என்று சங்கரலிங்கம் எழுந்தேவிட்டார். அத்தனை நேரத்தில் அப்போதுதான் அவர் முகத்தில் ரத்தம் ஓடியது.

உஸ்தாத் அவரைக் கூட்டிக்கொண்டு நடந்து வந்தார். பானைக்குப் பின்னால் மணல்மூட்டை. மூட்டைக்குப் பின்னால் உடைந்து கிடந்தது இன்னொரு பானை. எப்போது கொண்டுபோய் வைத்தாரோ தெரியாது. அதிலும் சுண்ணாம்பு பூசியிருந்தது.

"இது யாரு?" என்றார் சங்கரலிங்கம்.

"வேடிக்கை பார்க்க வந்தவுக."

சங்கரலிங்கம் அதிலிருந்து ஒரு சில்லை எடுத்துப் பார்த்துவிட்டுக் கீழே போட்டார்.

"அப்ப எதைத்தான் வாங்கச் சொல்லுதீங்க?"

"மூணாவதை வாங்கச் சொல்லுங்க. நல்ல குண்டு."

"அது பானையில படலியே."

"படாது."

"படாத குண்டு எப்படி நல்ல குண்டாகும்?"

உஸ்தாத் மாசானத்தைக் கூப்பிட்டார்.

மாசானம் எங்களோடு இருந்த காவலர். டீ நன்றாகப் போடுவான். சுடுவதில் பழுதில்லை, அவ்வளவுதான். மலையைக் குறி வைத்தால் மலை மேல் படும் என்று அவனைக் கேலி செய்வோம்.

புதுக் கண்ணாடி ஏறியது. புதுப் பானைகள். இருவரையும் பக்கத்தில் பக்கத்தில் படுக்க வைத்தார். இருவருக்கும் மூன்றாவது குண்டு.

"அய்யா, நீங்க பானையை மறந்துருங்க. கண்ணாடியை மட்டும் சுடுங்க. ஏல மாசானம், அய்யா சத்தம் கேட்ட மாத்திரத்துல நீ பானையைச் சுடணும்."

இரண்டு சத்தமும் ஒன்றாகத்தான் கேட்டன. பூசாத பானை விழுந்தது. சுண்ணாம்புப் பானை அசையவில்லை.

மாசானத்துக்குக் கம்பால் தொட்டுக் காட்டினேன். ரேஞ்சே கை தட்டியது.

"அய்யாவுக்குக் கொடி" என்றார் உஸ்தாத்.

சங்கரலிங்கம் திடுக்கிட்டுத் திரும்பினார். "நான் ஓட்டை போட்டு வழி விட்டதாலதானே அவன் குண்டு போச்சு?"

"ஆமா."

"பெறகு எனக்கு எதுக்குக் கொடி?"

"பானையில படலியே."

நான் கொடியை ஆட்டினேன். சங்கரலிங்கத்தின் காது மடல் சிவந்துவிட்டது.

"மாத்திச் சுடுவோம். மாசானம் கண்ணாடியைச் சுடட்டும். பானையை எங்கிட்ட விடுங்க."

"சரி."

மாற்றிப் படுத்தார்கள். மாசானம் சுட்டான். கண்ணாடி பெரிது, எங்கே பட்டால் என்ன என்று அவன் நினைத்திருக்க வேண்டும். அவன் குண்டு ஒரு சாண் தள்ளி ஓட்டை போட்டது. அடுத்த கணம் வந்த சங்கரலிங்கத்தின் குண்டு உடையாத கண்ணாடியில் மோதித் திரும்பியது.

சுண்ணாம்புப் பானை இரண்டாகப் பிளந்தது.

சங்கரலிங்கம் படுத்தவாறே கிடந்தார். பிறகு மெதுவாகக் கேட்டார்.

"நல்லாச் சுடுதவன் கண்ணாடிக்கா?"

"டீ ஆறுது" என்றார் உஸ்தாத்.

சங்கரலிங்கம் டீயைத் தொடவில்லை. ஜீப்பை எடுத்துக்கொண்டு போய்விட்டார். இனிமேல் இந்தப் பக்கம் தலை வைத்துப் படுக்க மாட்டார் என்றுதான் நாங்கள் பேசிக்கொண்டோம்.

மறுநாள் காலையில் கேட்டுக்கு வெளியே ஜீப் நின்றது. தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு உள்ளே வந்தார்.

"கண்ணாடி இருக்கா, உஸ்தாத்?"

அந்த ஆடி மாசத்தை என்னால் மறக்கவே முடியாது. காத்து மணலை வாரி முகத்தில் இறைக்கும். வெடிமருந்து வாசமும் மாசானத்தின் இஞ்சி டீ வாசமும் கலந்து வரும். மேய்ச்சலுக்கு வந்த ஆடுகள் ரேஞ்சுக்குள் புகுந்துவிட்டால், ஆய்வாளரும் ஏட்டும் சேர்ந்து கையைத் தட்டி விரட்டுவார்கள். உடைந்த கண்ணாடித் தூள் வெயிலில் உப்பளம் மாதிரி மினுங்கிக் கிடக்கும். மாசானம் பானை பானையாக உடைத்தான். அவனுக்குப் பானை உடைச்சான் என்றே பெயர் வைத்துவிட்டோம். சங்கரலிங்கத்துக்கு ஒவ்வொரு தடவையும் கொடிதான். முதல் சில நாள் அவர் கொடியைப் பார்த்துப் பல்லைக் கடிப்பார். அப்புறம் பார்க்காமல் இருந்தார். கடைசியில் ஒருநாள் அதைப் பார்த்துச் சிரித்தே விட்டார்.

உஸ்தாத் இப்போது இல்லை. ரேஞ்சும் இல்லை. அந்த இடம் முழுக்கச் சூரிய மின்தகடுகளைப் பதித்துவிட்டார்கள். பேருந்தில் அந்த வழியாகப் போகும்போது, சொன்னால் யாரும் நம்ப மாட்டார்கள், இன்னமும் எழுந்து நின்று பார்க்கிறேன்.

அந்த வருஷக் கார்த்திகையில், மீட்புப் படையில் சேர்ந்திருந்த எங்களுக்கு அழைப்பு வந்தது.

மலைப்பாதையில் ஒருவன் சிற்றுந்தை நிறுத்தி, எல்லோரையும் இறக்கிவிட்டு, ஒரு பையனை மட்டும் முன்சீட்டில் மடியில் பிடித்து வைத்திருந்தான். கையில் நாட்டுத் துப்பாக்கி. பேச வேண்டியவர்கள் விடிந்ததிலிருந்து பேசிப் பார்த்தார்கள். மதியத்துக்கு மேல் அவன் பேச்சை நிறுத்திவிட்டு, துப்பாக்கியைப் பையனின் காதில் வைத்தான்.

பாலத்துச் சுவருக்குப் பின்னால் சங்கரலிங்கமும் மாசானமும் படுத்திருந்தார்கள். தோட்டாப் பெட்டியோடு நான் பின்னால் இருந்தேன். பையனின் தாய் எங்கேயோ அழுதுகொண்டிருந்தாள்.

மாசானம் சங்கரலிங்கத்தின் பக்கம் திரும்பினான்.

"அய்யா, ரேஞ்சுல பானை. இது நிசம்லா. ஆளை நீங்க பாருங்க. கண்ணாடியை எங்கிட்ட விட்டுருங்க."

சங்கரலிங்கம் கண்ணைத் துப்பாக்கியிலிருந்து எடுக்கவில்லை.

"மூச்சை விடு. என் சத்தத்தை மட்டும் கேளு."

சுடலாம் என்று உத்தரவு வந்தது.

இரண்டு சத்தமும் ஒன்றாகத்தான் கேட்டன.

பையனை அவன் தாய் தூக்கிக்கொண்டு ஓடி வந்தாள். அவன் தலைமுடி முழுக்கக் கண்ணாடித் தூள். ஒரு கீறல் இல்லை. நான் சுவரில் சாய்ந்து உட்கார்ந்து அழுதுவிட்டேன்.

மாவட்டத்துக்குப் புதிதாக வந்திருந்த மேலதிகாரி வேகமாக நடந்து வந்தார். பின்னால் பத்திரிகைக்காரர்கள்.

"யார் சுட்டது?"

"மாசானம், அய்யா" என்றார் சங்கரலிங்கம். மாசானம் வாயைத் திறக்கப் போனான். சங்கரலிங்கம் அவனைத் தோளில் பிடித்து முன்னால் தள்ளினார்.

எல்லோரும் மாசானத்தைச் சூழ்ந்துகொண்டார்கள். அதிகாரி மட்டும் நின்றார்.

"ரெண்டு சத்தம் கேட்டுச்சே?"

"ஒண்ணு என்னுது."

"உங்க பேரை நிறையக் கேள்விப்பட்டிருக்கேன், சங்கரலிங்கம். உங்க குண்டு எங்க பட்டுது?"

"கண்ணாடியில போயிட்டு, அய்யா."

"நீங்களா? உங்களுக்கா குறி தப்புச்சு?"

"ஆமாய்யா" என்றார் சங்கரலிங்கம்.