குகைக்குள் நாற்பது பேர்

“நான் செய்தது தவறா, அம்மையே?”

ஆதன் உட்காரவில்லை. குடிசை வாசலில் நின்றபடியே கேட்டான்.

கோதையம்மை கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். அவனுக்கு எழுத்தும் அறமும் சொல்லிக்கொடுத்தவள். இப்போது அவன் படைத்தலைவன். எதிரியை ஒழித்தவன் என்று ஊரே அவனைத் தலையில் தூக்கி வைத்துக் கொண்டாடுகிறது.

“என்ன செய்தாய்?”

அவளுக்குத் தெரியும். ஆனாலும் அவன் வாயால் வரட்டும் என்று காத்திருந்தாள்.

“ஆற்றங்கரையில் அவர்களை வளைத்தோம். ஆயுதத்தைப் போட்டால் உயிரோடு வீடு திரும்பலாம் என்று மண்ணள்ளிச் சத்தியம் செய்தேன். போட்டார்கள்.”

“பிறகு?”

“ஒருவனையும் விடவில்லை.”

அம்மையின் கை நின்றது.

“நம் மூன்று ஊர்களைக் கொளுத்தியவர்கள்!” அவன் குரல் உயர்ந்தது. “தொட்டில் பிள்ளையைக்கூட விடவில்லை. அவர்களிடம் நியாயம் பார்த்திருந்தால் இன்று நாம் சாம்பல்.”

“இருக்கலாம். இதைக் கேட்கவா மலையேறி வந்தாய்?”

ஆதன் தரையைப் பார்த்தான்.

“மேலே குகையில் அவர்கள் ஊரார் நாற்பது பேர் ஒளிந்திருக்கிறார்கள். பெண்கள், பிள்ளைகள். பத்து நாளாகப் பட்டினி. இறங்கி வாருங்கள், சோறு தருகிறேன், உங்கள் ஊருக்கே கொண்டுபோய் விடுகிறேன் என்று தொண்டை கிழியக் கத்திவிட்டேன். ஒருவரும் வெளியே வரவில்லை. நேற்றுவரை ஒரு குழந்தை அழுதுகொண்டிருந்தது. இன்று சத்தமில்லை.”

“மெய்யாகத்தான் கூப்பிடுகிறாயா?”

“மெய்யாகத்தான். அவர்கள் ஊரிலும் உங்கள் சொல்லுக்கு மதிப்பு உண்டு. நீங்கள் வந்து சொன்னால் நம்புவார்கள்.”

அம்மை எழுந்தாள்.

“வருகிறேன். அவர்கள்மேல் கை வைக்கமாட்டேன் என்று எனக்குச் சத்தியம் செய்து கொடு.”

அவன் சட்டென்று குனிந்து ஒரு பிடி மண் அள்ளினான்.

வாய் திறந்தது. வார்த்தை வரவில்லை. மண் விரலிடுக்கில் உதிர்ந்தது.

“நான் சொன்னால்... நீங்கள் நம்புவீர்களா?”

அம்மை முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

சின்ன வயதில் எத்தனையோ முறை அவளிடம் அடி வாங்கியிருக்கிறான். ஒருமுறையும் அவள் முகத்தைத் திருப்பியதில்லை.

ஆதன் இடுப்பு வாளை அவிழ்த்து ஓரமாக வைத்தான்.

“அவர்கள் ஊர் போய்ச் சேரும்வரை நானே பிணையாக இருக்கிறேன். என் கைகளைக் கட்டிவிடுங்கள்.”

அம்மை அவற்றைப் பின்னால் சேர்த்துக் கட்டினாள்.

இருவரும் ஏறினார்கள். குகை வாயிலுக்கு எதிரே நின்று அவன் தன் பெயரையும் பிணையாக வந்திருப்பதையும் சொன்னான். கட்டிய கைகளைத் திரும்பிக் காட்டினான்.

உள்ளே முணுமுணுப்பு. பிறகு ஒரு கிழவி இருட்டிலிருந்து எட்டிப் பார்த்தாள். கையில் அரிவாள்.

“நாற்பது பேருக்கு நீ ஒருத்தன் பிணையா?”

“ஆமாம், தாயே.”

“உள்ளே வந்ததும் உன்னை வெட்டிவிட்டால்?”

அவன் குகைப் பக்கம் ஓரடி எடுத்து வைத்தான்.

கிழவி அவனை ஏற இறங்கப் பார்த்தாள். அரிவாளைத் தாழ்த்தினாள்.

“வா. வெட்டமாட்டோம். சொன்னால் சொன்னதுதான்.”

ஆதனின் முகம் கொதித்தது. தலையைக் கவிழ்த்துக்கொண்டு உள்ளே போனான்.