மாசிலாமணி வாசிக்காத அரை நிமிஷம்

யார் பக்கமும் சாயாமல் கடைசிவரை பொறுமையாகக் கேட்க வேண்டிய வழக்கு இது. அவசரக்காரர்கள் இப்போதே எழுந்து போய்விடலாம்.

பெரம்பூர் ரயில்வேக்காரர்களின் நடன மண்டபத்தில் பதினோரு வருஷம் சனிக்கிழமை தவறாமல் ஜாஸ் வாசித்தவர்கள் இருவர். நோயல் சாக்ஸபோன், மாசிலாமணி பியானோ. நோயல் குடும்பத்தோடு ஆஸ்திரேலியாவில் குடியேறுவதென்று முடிவானதும், போவதற்குள் இருவருமாக ஓர் இசைத்தட்டு போட்டுவிடக் கிளம்பினார்கள். இனி இருவருக்கும் மிஞ்சப்போவது அது ஒன்றுதான் என்று மாசிலாமணிக்குத் தெரியும்.

கப்பல் பிடிக்க நோயல் ரயிலேறும் நாள் காலையில் கடைசிப் பாட்டு பதிவானது. நடுவில் நோயல் தனியாக ஊதியபின் பியானோ சேர்ந்துகொள்ள வேண்டும். அன்று நோயல் ஊதியதில் பதினோரு வருஷமும் இருந்தது. மாசிலாமணி கையை மடியில் வைத்துக்கொண்டு கேட்டுக்கொண்டே இருந்துவிட்டார். அரை நிமிஷம் கழித்துத்தான் தாமும் வாசிக்க வந்தவர் என்பது அவருக்கு உறைத்தது. அதுவரை நோயல் ஒருவரே பாட்டைத் தாங்கிக்கொண்டிருந்தார்.

"ஆனைக்கும் அடி சறுக்கும் சார். இன்னொரு தடவை எடுத்துடலாம்" என்றார் ஒலிப்பதிவாளர் வரதராஜுலு.

இரண்டாம் தடவை தொடங்குமுன் நோயல் மைக்கை விட்டு இரண்டடி பின்னால் தள்ளி நின்றார். எப்போதும் கண்ணை மூடி ஊதுகிறவர், மாசிலாமணியின் விரல்களையே பார்த்தபடி அடக்கி ஊதினார். பியானோ பிழையில்லாமல் ஜொலித்தது.

தட்டில் ஒன்றுக்குத்தான் இடம். இருவரும் ஒரே அறையில் வாசித்ததால் ஒருவர் மைக்கில் மற்றவர் சத்தமும் ஏறியிருந்தது. இதில் பாதி அதில் பாதி என்று ஒட்டுப்போடவும் வழியில்லை. மாசிலாமணி முதல் பதிவைத்தான் போடவேண்டும் என்றார், நோயல் இரண்டாவதை. ஜெயிப்பதற்குச் சண்டை போடுகிறவர்களைத்தான் வரதராஜுலு பார்த்திருந்தார். தோற்பதற்கு இப்படி மல்லுக்கட்டுகிறவர்களை அன்றுதான் பார்த்தார்.

"அங்க போயி நான் போட்டுக் கேக்கப்போறது உன் கைய, மாசில். என் ஊதல் எனக்குத் தெரியாதா மேன்?" என்றார் நோயல்.

"நான் விட்டது விட்டதாவே இருக்கட்டும். ஏன் விட்டேன்னு கேக்குறவனுக்கு விளங்கும்" என்றார் மாசிலாமணி.

ரயிலுக்கு நேரமாகிவிட்டது. முடிவை வரதராஜுலுவின் தலையில் கட்டிவிட்டு இருவரும் சென்ட்ரலுக்கு ஓடினார்கள்.

அவர் எந்தப் பதிவைத் தட்டில் ஏற்றியிருக்க வேண்டும்? இருவரில் யார் கேட்டது சரி?

விடை: மாசிலாமணி கேட்டதுதான் சரி. இரண்டாம் பதிவில் நோயல் விட்டுக்கொடுத்தார். நல்ல மனசுதான், ஆனால் தம்மில் பாதியை இரண்டடி பின்னாலேயே நிறுத்திவிட்டார். முதல் பதிவில் ஒருவர் முழுசாக ஊதினார், மற்றவர் முழுசாகக் கேட்டார். வரதராஜுலுவும் அதையே ஏற்றினார். தட்டு ஆஸ்திரேலியாவில் பெர்த் நகருக்குப் போய்ச் சேர்ந்தபின் நோயலிடமிருந்து கடிதம் வந்தது. அந்த அரை நிமிஷத்தில் மாசில் மூச்சு விடுவது கேட்கிறது, தினமும் அந்த இடத்தைத்தான் போட்டுக் கேட்கிறேன் என்று எழுதியிருந்தார். மாசிலாமணி அதைப் படித்துவிட்டு அழுதார்.